மெழுகு பிடிக்கும் கை, விலை வைக்கும் கை

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் உள்ள யோக்யகர்த்தா நகரின் மாலியோபோரோ தெருக் கடைகளில் எங்கு பார்த்தாலும் பாத்திக் சட்டைகள் தொங்கும். பாத்திக் என்றால் சாயம் ஏறக் கூடாத இடங்களை மெழுகால் மூடிக் கோலம் எடுக்கும் துணி. கேட்கும் விலையே குறைவு, பேரம் பேசினால் இன்னும் இறங்கும். அவற்றில் பெரும்பாலானவை மெழுகைக் கண்ணால்கூடப் பார்க்காதவை. பாத்திக் கோலத்தை ஆலையில் துணிமேல் அச்சடித்து, வெட்டித் தைத்துக் கொண்டுவந்து மாட்டியிருப்பார்கள். அதே ஊரில் கையால் மெழுகு வரைந்த ஒரு முழுத்துணியின் விலையைக் கேட்டால், முதல் தடவை வருகிறவருக்குத் தலை சுற்றும். கடைப்பலகையில் இரண்டுக்கும் பெயர் பாத்திக்தான்.

2009 அக்டோபர் 2 அன்று யுனெஸ்கோ இந்தோனேசிய பாத்திக்கை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த நாள் அங்கே தேசிய பாத்திக் நாள் ஆனது. இப்போது வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியர், அமைச்சர் எல்லோரும் வாரத்தில் ஒரு நாளாவது பாத்திக் உடுத்துகிறார்கள். ஆக, துணிக்குக் கிராக்கி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பட்டியல் பாராட்டிய கைவேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் நடுவயது தாண்டிய கிராமத்துப் பெண்கள். அவர்களுடைய மகள்களில் பலருக்கு அந்த வேலை வேண்டாம். துணி விற்கிறது, துணியை வரையும் தொழில் தேய்கிறது. இது எப்படி என்று பார்க்க வேண்டுமானால், மெழுகு பிடித்த கை எது, விலை வைத்த கை எது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

முதலில் வேலை. கருவியின் பெயர் சாந்திங். கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு செப்புக் கிண்ணம், அதன் முன்னால் கெண்டி மூக்குபோல வளைந்த மெல்லிய குழாய், பின்னால் மூங்கில் அல்லது மரக் கைப்பிடி. பெண் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். எதிரே மூங்கில் சட்டத்தில் வெள்ளைப் பருத்தித் துணி தொங்கும். வலப்பக்கம் சிறு அடுப்பு, மேலே இருப்புச்சட்டி, அதில் உருகிய மெழுகு. சாந்திங்கை மெழுகில் முக்கி எடுத்து, மூக்கில் ஒரு தடவை ஊதுவாள். அடைப்பு இருந்தால் விலகும், சொட்ட நிற்கும் துளி உள்ளே போகும். பிறகு இடக்கையைத் துணிக்குப் பின்னால் கொடுத்துத் தாங்கிக்கொண்டு வரைவாள். கிண்ணத்தில் இருக்கும் மெழுகு ஆறுவதற்குள் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுதான். மறுபடி முக்கல், மறுபடி ஊதல்.

மெழுகு அதிகம் சூடாகிவிட்டால் கோடு துணியில் பரவிவிடும். சூடு போதாவிட்டால் மெழுகு துணிக்குள் இறங்காமல் மேலேயே உட்காரும். அப்புறம் சாயத்தொட்டியில் அந்த இடம் ஒழுகும். அடுப்பில் வெப்பமானி கிடையாது. மெழுகின் மேல் எழும் புகையையும் சாந்திங் மூக்கிலிருந்து அது இறங்கும் வேகத்தையும் பார்த்தே தீயைக் கூட்டுவாள், குறைப்பாள். மெழுகு என்றால் வெறும் தேன்மெழுகும் இல்லை. பாரஃபின், பைன் பிசின், டாமர் குங்கிலியம், தேன்மெழுகு, விலங்குக் கொழுப்பு என்று பல சரக்குகள் சேர்ந்த கலவை. கோடு வரைய ஒரு பக்குவம், பெரிய இடத்தை மூட இன்னொரு பக்குவம். முதலாவது பின்னால் சுரண்டினால் எளிதாக உதிர வேண்டும். இரண்டாவது பிடித்த பிடியை விடக் கூடாது.

வெளிக்கோடு போட்ட பிறகுதான் உண்மையான சோதனை. இலைக்குள், சிறகுக்குள், பூவிதழுக்குள் நிரப்ப வேண்டிய நுண்கோடுகளும் புள்ளிகளும் இருக்கின்றன. புள்ளிக்கென்றே தனியாக நுண்மூக்கு சாந்திங் உண்டு. இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும் உள்ள துணியில் இந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்தால் துணியைத் திருப்பி, மறுபக்கமும் அதே கோடுகள்மேல் மெழுகு இட வேண்டும். இல்லாவிட்டால் சாயம் பின்னாலிருந்து ஏறிவிடும்.

மத்திய ஜாவாவின் பழைய முறையில் வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களை எல்லாம் மெழுகால் மூடி, துணியை அவுரிச் சாயத்தில் முக்கி முக்கி எடுப்பார்கள். விரும்பிய நீலம் வந்ததும், பழுப்பு ஏற வேண்டிய கோடுகளின் மெழுகைச் சுரண்டுவார்கள். நீலமாகவே நிற்க வேண்டிய பகுதிகளை மறுபடி மெழுகால் மூடுவார்கள். அடுத்தது சோகா என்னும் மரப்பட்டைப் பழுப்பு. கடைசியாகத் துணியைக் கொதிநீரில் போட்டால் மெழுகு முழுதும் கழன்று மேலே மிதக்கும். அதை அள்ளி வைத்து மறுபடி கலவையில் சேர்ப்பார்கள், வீணாக்குவதில்லை. நல்ல துணி ஒன்று முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும், நுண்வேலை கூடினால் அதற்கும் மேலே போகும்.

இந்த வேலை ஏன் பெண்கள் கைக்குப் போனது? அரண்மனைப் பெண்கள் பொறுமைக்கும் மன அடக்கத்துக்கும் பயிற்சியாக இதைச் செய்தார்கள் என்பது ஜாவாவில் வழக்கமாகச் சொல்லும் பதில். பொய் என்று சொல்ல மாட்டேன். யோக்யகர்த்தா, சுரகர்த்தா அரண்மனைகளில் பாத்திக்குக்கு உண்மையிலேயே பெரிய இடம் இருந்தது. சாய்ந்த வாள்வீச்சு போன்ற பாராங் ருசாக் முதலான சில கோலங்களை அரச குடும்பத்தைத் தவிர வேறு யாரும் உடுத்தக் கூடாது என்று ஆணைகளே இருந்தன. துருந்தும் என்ற நட்சத்திரப் பூக்கோலத்தை சுரகர்த்தா மன்னர் மூன்றாம் பாகுபுவோனோவின் அரசி உருவாக்கினார் என்று கதை சொல்வார்கள். மன்னர் தன்னைவிட்டு விலகியிருந்த நாளில் அவர் வரையத் தொடங்கினாராம், அதைப் பார்த்துப் பார்த்தே மன்னருக்கு அன்பு திரும்பியதாம். இன்றும் திருமணத்தில் மணமக்களின் பெற்றோர் துருந்தும் உடுத்துகிறார்கள்.

ஆனால் அரண்மனைக் கதை கிராமத்துக் கணக்கை மறைத்துவிடுகிறது. கிராமத்தில் பெண்கள் பாத்திக் வரைந்தது நடவுக்கும் அறுப்புக்கும் இடைப்பட்ட நாட்களில், சமையல் முடிந்த மதியங்களில், பிள்ளையை மடியருகே வைத்துக்கொண்டு. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிற வேலைதானே என்று எல்லோரும் நினைத்ததால் அதற்குக் கூலியும் அந்தக் கணக்கிலேயே விழுந்தது. மூன்று மாத உழைப்பை மூன்று மாத உழைப்பாக யாரும் எண்ணவில்லை. அவர்களே எண்ணவில்லை என்பதுதான் இதில் வேதனை.

இங்கே நம் கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு. பல நூற்றாண்டுகளாகச் சோழமண்டலக் கரையிலிருந்து சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் ஏறிய, கையால் கோலம் எழுதிய துணிகள் ஜாவாவுக்குக் கப்பலேறிப் போயின. அவற்றிலும் நீலத்தைத் தடுக்க மெழுகு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த வரத்து குறைந்தபோது, அந்த இடத்தை நிரப்பியவற்றில் ஜாவாவின் வடகரைப் பாத்திக்கும் ஒன்று. இடுப்பில் சுற்றும் வடகரைச் சாரோங்கின் தலைப்பில் எதிரெதிரே நிற்கும் முக்கோண வரிசைகள் சோழமண்டலத் துணியின் சாடை என்பது அந்தத் துறை ஆய்வாளர்களின் கருத்து. மெழுகு முறையே இங்கிருந்து அங்கே போனது என்று சிலர் ஆர்வத்தில் சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் போதிய சான்று இல்லை. நுண்மூக்கு சாந்திங்கும் இரண்டு பக்கமும் மெழுகிடும் முறையும் ஜாவாவின் சொந்தச் சாதனை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் செப்பு அச்சு வந்தது. செப்புத் தகட்டை வளைத்துச் செய்த முத்திரையை மெழுகில் தொட்டுத் துணியில் அழுத்தினால், ஒரு பெண் நாள்கணக்கில் வரைவது நிமிடங்களில் பதிந்துவிடும். அச்சு கனமானது, நின்றுகொண்டு அழுத்த வேண்டியது. அது ஆண்களின் வேலை ஆனது, பட்டறைக்குள்ளும் போனது. கையால் வரைவது பெண்களிடமே நின்றது, ஆனால் இப்போது அச்சு பாத்திக்கின் விலையோடு போட்டி போட வேண்டிய நிலையில்.

பட்டறை முதலாளிகள் எல்லோரும் ஆண்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சோலோ என்றும் அழைக்கும் சுரகர்த்தா நகரின் லாவேயான் பகுதியில் வியாபாரத்தை நடத்தியவர்கள் பெண்கள். கொள்முதல், கணக்கு, சந்தைப் பேச்சு எல்லாம் வீட்டு அம்மாவின் கையில். மோக் மாசே என்று மரியாதையோடு அழைப்பார்கள். வடகரை ஊரான பெக்கலோங்கானில் எலிசா வான் சுய்லன் (1863–1947) என்ற ஐரோப்பிய-ஆசியக் கலப்புப் பெண்மணியின் பட்டறைத் துணிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பூங்கொத்துகள் அவ்வளவு நுட்பம். துணியின் ஓரத்தில் அவருடைய கையொப்பம் மெழுகால் வரைந்திருக்கும். பூக்களை வரைந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அந்தக் கையொப்பத்தைத் துணியில் இழுத்ததுகூட ஒரு கூலிப் பெண்ணின் சாந்திங்காகத்தான் இருக்கும். முதலாளி பெண்ணாக இருந்ததால் மட்டும் வரைகிறவளின் நிலை மாறிவிடவில்லை.

1930களின் தொடக்கத்தில், ஜாவாவை அப்போது ஆண்ட டச்சு அரசுக்காக டி காட் ஆஞ்செலினோ என்ற அதிகாரி பாத்திக் பட்டறைகளைச் சுற்றிப் பார்த்து விரிவான அறிக்கை எழுதினார். அதில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் முன்பணம். திருமணச் செலவுக்கோ நோய்க்கோ பெண் முதலாளியிடம் கடன் வாங்குவாள். கூலியில் கழிக்கக் கழிக்கக் கடன் தீராது. தீரும்வரை வேறு பட்டறைக்குப் போகவும் முடியாது. நம் ஊர்ச் செங்கல் சூளை, தறிக்கூடக் கதைகளைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஜாவாவின் வடகரை ஊரான ஜெப்பாராவைச் சேர்ந்த கார்த்தினி, பின்னாளில் இந்தோனேசியப் பெண் கல்வியின் அடையாளமாக ஆனவர், 1898இல் ஹேக் நகரில் நடந்த பெண்கள் உழைப்புக் கண்காட்சிக்கு பாத்திக் துணிகளோடு, அது செய்யும் முறையை விவரிக்கும் ஒரு குறிப்பையும் எழுதி அனுப்பினார். பின்னால் டச்சு அறிஞர்கள் பாத்திக் பற்றி எழுதிய பெரிய நூலுக்கு அந்தக் குறிப்பு உதவியது. மெழுகு பிடிக்கத் தெரிந்த ஒரு பெண்ணே அந்த வேலையை எழுத்தில் வைத்தது அப்போது அபூர்வம். ஆனால் அவர் மாவட்ட ஆட்சியாளர் ஒருவரின் மகள், கூலிக்கு வரைந்தவர் இல்லை.

விடுதலைக்குப் பிறகு பாத்திக் கூட்டுறவுகளின் கூட்டமைப்பு 1948இல் உருவானது. வெள்ளைத் துணியின் வரத்து அதன் வழியே போனதால் சில காலம் தொழில் செழித்தது. கூட்டுறவில் உறுப்பினர்கள் பட்டறை முதலாளிகள்தான், வரையும் பெண்கள் இல்லை. 1970களில் திரை அச்சில் பாத்திக் கோலம் போட்ட துணி சந்தையை நிறைத்தபோது, செப்பு அச்சு பாத்திக் பட்டறைகளே பல மூடின. கையால் வரைகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதே பத்தாண்டில்தான் ஜகார்த்தாவில் நீளக்கை பாத்திக் சட்டை விழாக்களுக்கு ஏற்ற மரியாதை உடை ஆனது. உடுத்துகிறவர் எண்ணிக்கை ஏறவும் வரைகிறவர் எண்ணிக்கை இறங்கவும் ஒரே காலத்தில் தொடங்கியதை இங்கே கவனிக்க வேண்டும்.

சரி, இந்தக் கணக்கு எங்காவது மாறியிருக்கிறதா? கொஞ்சம் மாறிய ஓர் இடத்தைச் சொல்லலாம். யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே பந்துல் மாவட்டத்தில் இமோகிரி மலை இருக்கிறது. ஜாவாவை ஆண்ட மாதாராம் அரசர்களின் கல்லறைகள் அதன் மேலே. 17ஆம் நூற்றாண்டில் சுல்தான் அகுங் கட்டத் தொடங்கிய இடம். மலையடியில் வுகிர்சாரி கிராமம், அதில் கிரிலோயோ, செங்கெஹான், காராங்குலோன் என்ற குடியிருப்புகள். கல்லறைகளைக் காக்க அரண்மனை ஊழியர்கள் வந்து தங்கியதிலிருந்து இங்கே பாத்திக் இருந்ததாகச் சொல்கிறார்கள். இங்குள்ள பெண்கள் நல்ல கைகாரிகள். ஆனால் தலைமுறைகளாக அவர்கள் செய்தது பாதி வேலைதான். மெழுகு வரைந்த துணியைச் சாயம் ஏற்றாமலே நகரத்து வியாபாரிக்குக் கொடுப்பார்கள். சாயமும் வணிகப் பெயரும் லாபமும் நகரத்தில். கிராமத்துப் பெண்ணுக்குத் துண்டுக் கூலி. குறைந்தபட்ச ஊதியம் இந்தோனேசியாவிலேயே குறைவாக உள்ள மாகாணங்களில் யோக்யகர்த்தாவும் ஒன்று. அந்த அளவுகூட மெழுகு வரைந்து கிடைக்காது.

2006 மே 27 அன்று காலை ஆறு மணிக்குச் சற்று முன் பூமி ஆடியது. 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். அதிகம் அடி வாங்கியது பந்துல். வீடுகள் தரைமட்டம், வியாபாரமும் நின்றது. நிவாரணத்துக்கு வந்த அமைப்புகள், இந்தக் கிராமத்தில் வீட்டுக்கு வீடு சாந்திங் இருப்பதைப் பார்த்தன. பெண்களைச் சேர்த்துக் குழுக்கள் அமைந்தன. அடுத்து நடந்ததுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்களுக்கு யாரும் மெழுகு வரையக் கற்றுத்தரவில்லை, அது அவர்களுக்கு அத்துப்படி. கற்றுக்கொண்டது சாயம் ஏற்றவும் விலை போடவும் நேரடியாக விற்கவும். அதாவது, இவ்வளவு காலம் அவர்கள் கையைவிட்டு நகரத்துக்குப் போன அந்த மிச்சப் பாதி.

சாயத்தில் அவர்கள் இயற்கைச் சாயத்துக்குத் திரும்பியது உணர்ச்சிக்காக மட்டும் இல்லை. நாஃப்தால் போன்ற ரசாயனச் சாயம் மலிவு, வேகம், நிறம் பளீர். ஆனால் அந்தச் சந்தையில் ஆலை அச்சுத் துணியோடுதான் மோத வேண்டும். கழிவுநீர் தனிப் பிரச்சினை, பெக்கலோங்கான் ஆறுகள் சாய நிறத்தில் ஓடுவதை ஜாவாவில் அறியாதவர் இல்லை. மரப்பட்டைச் சாயத்தில் செய்த துணியை ஆலையால் எளிதில் போலி செய்ய முடியாது, வாங்குகிறவரும் வேறு ஆள். அவுரி இலை, மகாகனிப் பட்டை, பதிமுகக் கட்டை, தான்றிக்காய் ஆகியவை சரக்கு. சாறு இறக்கி, துணியை முக்கி, நிழலில் உலர்த்தி, மறுபடி முக்கி என்று பத்துப் பதினைந்து தடவைக்கும் மேல் போகும். கடைசியில் நிறத்தை நிறுத்த மூன்று வழி உண்டு. படிகாரத்தில் போட்டால் நிறம் வெளிர்ந்து நிற்கும். சுண்ணாம்பில் போட்டால் கொஞ்சம் அடர்த்தி கூடும். அன்னபேதியில் போட்டால் கறுத்துப்போகும். ஒரே தான்றிக்காய்ச் சாற்றிலிருந்து மஞ்சளும் வரும், கரும்பச்சையும் வரும். நம் நாட்டு மருந்துக்கடைச் சரக்குதான் எல்லாம்.

இப்போது கிரிலோயோவில் சுற்றுலாப் பயணிகள் திறந்த மண்டபங்களில் உட்கார்ந்து கைக்குட்டை அளவு துணியில் பாத்திக் வரைந்து பழகுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேருந்துகளில் வருகிறார்கள். 2024இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாக வுகிர்சாரி தேர்வானது. வருமானம் வருகிறது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கைக்குட்டை வகுப்பு எடுப்பதற்குக் கிடைக்கும் பணம் அன்றைக்கே கையில் வரும். மூன்று மாதத் துணிக்கு வாங்குகிறவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அந்த இடைவெளியில் நுண்வேலைத் துணியை ஒதுக்கிவிட்டு, சீக்கிரம் விற்கும் பெரிய கோலத் துணிக்கும் தோள்துண்டுக்கும் மாறிவிடத் தோன்றும். பாரம்பரியம் காக்கும் இடத்திலேயே புள்ளிவேலை மெல்ல மெல்லக் குறையக்கூடிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

அரசும் ஒன்று செய்தது. கையால் வரைந்ததற்குப் பொன் எழுத்து, செப்பு அச்சு பாத்திக்குக்கு வெள்ளி எழுத்து, இரண்டும் கலந்ததற்கு வெள்ளை எழுத்து என்று பாத்திக் மார்க் என்ற அடையாளச் சீட்டு 2007இல் வந்தது. எண்ணம் நல்லது. ஆனால் சான்று பெற விண்ணப்பம், சோதனை, கட்டணம் எல்லாம் உண்டு. வீட்டுத் திண்ணையில் வருடத்துக்கு நான்கைந்து துணி செய்கிற பெண் அந்த வழியில் போக மாட்டாள். அவளிடம் மொத்தமாக வாங்கும் கடைக்காரர் போவார். சீட்டிலும் கடையின் பெயர்தான் இருக்கும். வாங்குகிறவருக்குச் சீட்டைவிடத் துணியே நன்றாகச் சொல்லும். திருப்பிப் பாருங்கள், மறுபக்கமும் அதே அளவு தெளிவாக இருக்க வேண்டும். ஒரே பூ இரண்டு இடத்தில் வந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள், புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. எங்காவது ஒரு துளி மெழுகு தவறி விழுந்த தடம் இருக்கும். ஆலை அச்சுத் துணியின் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும்.

இளம் பெண்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால் பொறுமை இல்லை, கைப்பேசி கெடுத்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். பள்ளி முடித்த பெண்ணுக்கு ஆடைத் தொழிற்சாலையில் மாதச் சம்பளம் உண்டு, வணிக வளாகத்தில் குளிரூட்டிய கடை உண்டு. சிலர் வீட்டு வேலைக்கு மலேசியாவுக்கும் சவூதிக்கும் போகிறார்கள். தாய்க்குக் கண் மங்கியதையும், குட்டை முக்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போனதையும், அடுப்புப் புகையில் இருமுவதையும் மகள் பார்த்தே வளர்கிறாள். அவள் கணக்கு சரியான கணக்கு. கிரிலோயோவில் திரும்பி வந்த சில இளம் பெண்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் வருவது குழுவின் விற்பனைக்கு, வலைத்தளக் கடைக்கு, சாய வேலைக்கு. நாள் முழுக்கப் புள்ளி வைக்கும் இடத்தில் இன்னும் அம்மாக்களும் பாட்டிகளுமே உட்கார்ந்திருக்கிறார்கள். நுண்மூக்கு சாந்திங்கில் கை படிய வருடங்கள் வேண்டும். இன்று நன்றாகப் புள்ளி வைக்கிற பெண்களில் பலர் அதைச் சிறுமியாக இருந்தபோதே தொடங்கியவர்கள். இன்றைய சிறுமி அந்த வயதில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், இருக்கவும் வேண்டும். ஆகவே இனி இந்த வேலைக்கு வருகிறவள் இருபது வயதில், வேறு வேலைகளின் சம்பளத்தைத் தெரிந்துகொண்டு வருவாள். கற்றுக்கொள்ளும் இரண்டு மூன்று வருடங்களுக்கும் சேர்த்து அவளுக்கு யார் கூலி கொடுப்பது என்பது கிரிலோயோவின் குழுக்களாலும் இன்னும் தீர்க்க முடியாத கேள்வி.